‘வந்துட்டேன்’ என்று சொன்ன மனிதர்

ஜப்பானில், ஹொன்மொக்கு கடைத்தெருச் சங்கத் தலைவர் மகாபே தெருவோ, மழை மாதத்துச் சாயங்காலம் ஒன்றில், பழைய கடலோரக் குடியிருப்பின் வாசலில் காரை விட்டு இறங்கினார். இறங்கியதும் உள்ளே போய்விடவில்லை. கேமராக்காரர் குடையை மடக்கிக் கருவியைத் தோளில் ஏற்றும்வரை பொறுத்திருந்து, அதன் பிறகே நிமிர்ந்து பார்த்துத் திடுக்கிட்டார். வரும் வழியில் கார்க் கண்ணாடியைப் பார்த்து ஒத்திகை செய்த திடுக்கிடல். நன்றாகவே வந்தது.

கட்டிடம் ஒரு காலத்தில் வெள்ளையாக இருந்தது. உப்புக்காற்று பட்டுப் பட்டு இப்போது நெடுநாள் நோயாளியின் நிறத்துக்கு வந்திருந்தது. கோடை முடிந்ததும் இடிக்கப் போகிறார்கள். குடியிருந்தவர்கள் எல்லோரும் காலி செய்துவிட்டுப் போயிருந்தார்கள். படிக்கட்டில் ஈரச் சுண்ணாம்பு வாசனை. எங்கோ ஒரு குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.

“நாலாவது மாடிங்க ஐயா. லிஃப்ட் இல்ல. மூட்டுவலி ஏதும்…?” என்று கேட்டாள் இசைத்தட்டுக் கம்பெனியிலிருந்து படம் எடுக்க வந்திருந்த செனோ என்ற பெண்.

“ஓடி ஏறின படிம்மா இது” என்றார் மகாபே, கைப்பிடியைக் காதலுடன் தடவியபடி.

ஓடி ஏறவில்லை. நாற்பது வருஷத்துக்கு முன்னால் முதுகில் ஒரு குளியலறை பாய்லரைக் கட்டிக்கொண்டு, மாடிக்கு மாடி உட்கார்ந்து மூச்சு வாங்கி ஏறினார். அந்த வீட்டுக்கு அவர் வந்தது அந்த ஒரே தடவைதான். பாய்லரை மாட்டினார். வீட்டுக்காரப் பெண் ஒரு டம்ளர் பார்லி டீ கொடுத்தாள். குடித்துவிட்டு இறங்கிவிட்டார். அவருக்கும் பாடகி மினேகி சாயோவுக்கும் இருந்த உறவு, முதலும் முடிவுமாக, அவ்வளவுதான்.

ஆனால் ஒரு வருஷமாக உலகம் முழுக்க அவரைத்தான் தேடிக்கொண்டிருந்தது.

சாயோ பாடிய ‘கூரையில் ஓடும் விளக்குகள்’ வெளிவந்தபோது ஒருவரும் சீந்தவில்லை. விட்டுப் போனவனுக்காக ஒருத்தி பால்குழம்பைச் சுடவைத்துச் சுடவைத்துக் காத்திருக்கிறாள். கடற்கரைச் சாலையில் போகும் கார்களின் வெளிச்சம் கூரையில் ஓடும்போதெல்லாம் அவன் கார்தான் என்று எழுந்திருக்கிறாள். அவ்வளவுதான் பாட்டு. பாடிய இரண்டாம் வருஷம் அதே வீட்டில், தனியாக, நெஞ்சுவலியில் செத்துப்போனாள். மேஜையில் இரண்டு பேருக்குச் சாப்பாடு எடுத்து வைத்திருந்ததாம். பிறகு எல்லாரும் மறந்தார்கள். எத்தனையோ வருஷம் கழித்து, உலகத்தின் மறுகோடியில் தூக்கம் வராத யாரோ ஒரு பிள்ளை அந்தப் பாட்டோடு மழை பெய்கிற ஜன்னல் படம் ஒன்றைச் சேர்த்து இணையத்தில் விட்டது. ஒரு வார்த்தையும் புரியாத கோடிப் பேர் கேட்டு அழுதார்கள். வார்த்தை புரிந்தும் அப்போது அழாத ஜப்பானியர்கள், வெளிநாட்டுக்காரன் அழுகிறான் என்று தெரிந்ததும் கைக்குட்டையை எடுத்தார்கள்.

ஈ ஓட்டிக்கொண்டிருந்த ஹொன்மொக்கு கடைத்தெருவுக்கு, முதுகில் பையும் கண்ணில் ஈரமுமாக வெள்ளைக்காரப் பிள்ளைகள் வர ஆரம்பித்தார்கள். எல்லோரும் கேட்டது ஒரே கேள்வி. விட்டுப் போன அந்த ஆள் யார்?

முடிதிருத்தகம் வைத்திருக்கும் ஓனுகி, கேள்வி வரும்போதெல்லாம் கத்தரியை நிறுத்திப் பெருமூச்சு விட்டார். பெருமூச்சுக்குப் பலன் இருந்தது. கடையில் வரிசை நின்றது. ஒரு முடிவெட்டுகிறவன் அழகியின் நெஞ்சை உடைத்தவனாக உலா வருவதைச் சங்கத் தலைவரால் தாங்க முடியவில்லை. ஆண்டிறுதி விருந்தில், நாலு கிண்ணம் உள்ளே போனதும், எல்லோர் எதிரிலும் கேட்டார்.

“ஓனுகி, அவ குளியலறை ஓடு என்ன நிறம், சொல்லு பாப்போம்.”

ஓனுகி விழித்தார்.

“பீச் பழ நிறம்” என்றார் மகாபே, கிண்ணத்துக்குள் பார்த்தபடி. அதற்குமேல் ஒரு வார்த்தை பேசவில்லை. பேச வேண்டியிருக்கவில்லை. யாரோ பழைய பத்திரிகைப் படம் ஒன்றைத் தேடி எடுத்தார்கள். ஓடு பீச் பழ நிறம்தான். மகாபே பொய் சொல்லவில்லை. பொய் தானாக வந்து தோளில் உட்கார்ந்தது, அவர் தட்டிவிடவில்லை, அவ்வளவே.

பொய் சொன்னது அதற்குப் பிறகு, தொலைக்காட்சியில்.

“அவ்வளவு நேசிச்சவளை ஏன் விட்டீங்க?”

“வீட்ல பாத்து வெச்ச பொண்ணு. கட்டாயம். அந்தக் காலத்துல எதிர்த்துப் பேச முடியுமா?”

அவர் மனைவி ஃபுசாயே அப்போது தொலைக்காட்சிக்கு எதிரே உட்கார்ந்து ஊறுகாய் முள்ளங்கி நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தி நின்றது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி நகர்ந்தது. அன்றைக்கு முள்ளங்கி, வெளிச்சம் ஊடுருவும் அளவுக்கு மெல்லியதாக இருந்தது. மறுநாளிலிருந்து மீன்கடைக்காரர் அவளுக்கு மட்டும் ஒரு துண்டு கூடுதலாகப் போட்டார். இரக்கத் துண்டு. அதையும் அவள் பேசாமல் சமைத்துப் பரிமாறினாள். மகாபேவுக்கு அது தொண்டையில் இறங்கவில்லை. ஆனாலும் முழுங்கினார். புகழ் வந்தால் சில முள்ளையும் சேர்த்து முழுங்கத்தான் வேண்டும்.

நாலாவது மாடியில் செனோ கதவைத் திறந்தாள்.

உள்ளே நுழைந்ததும் செருப்பு விடுகிற சின்னப் பள்ளம். அதைத் தாண்டிச் சமையலறை, கடலைப் பார்த்த ஒரே அறை. சாமான் எதுவும் இல்லை. தரையில் தூசி. ஜன்னலுக்கு வெளியே மழையில் சாலை பளபளத்தது.

“பாட்டோட கடைசி வரி ஞாபகம் இருக்கில்லங்க ஐயா?” என்றாள் செனோ. “‘போய்வருகிறேன் என்று நீ சொல்லவில்லை, அதனால் நீ போகவே இல்லை.’ அதுக்கு உலகமே பதிலுக்குக் காத்திருக்கு. நீங்க உள்ள வரணும். வந்து ஒரே ஒரு வார்த்தை.”

“என்ன வார்த்தை?”

“‘வந்துட்டேன்.’”

மகாபேவுக்கே புல்லரித்தது. கிளம்புகிறவன் ‘போயிட்டு வர்றேன்’ என்பான், இருக்கிறவள் ‘போயிட்டு வாங்க’ என்பாள். திரும்பி வந்தால் ‘வந்துட்டேன்’, ‘வந்துட்டீங்களா’. காதல் என்ற வார்த்தையைக் கல்யாணத்தன்றுகூட வாயில் எடுக்காத தம்பதிகள், இந்த நாலு வார்த்தையை வைத்தே ஆயுளை ஓட்டிவிடுகிற ஊர் அது.

காலணியைக் கழற்றினார். நல்ல பழக்கப்படி, நுனி வாசலைப் பார்க்கத் திருப்பி வைத்தார். தூசியில் கால் வைத்து நிமிர்ந்து, குரலை வேண்டிய இடத்தில் உடைத்து, சொன்னார்.

“வந்துட்டேன்.”

குழாய் சொட்டுவது நின்றது.

சமையலறைப் பக்கமிருந்து பால் காய்கிற வாசனை வந்தது.

“வந்துட்டீங்களா.”

காதுக்கு வெகு அருகில். தாழ்ந்த, களைத்த குரல். கோபம் இல்லை. வெகு நேரம் வாய் பேசாமல் இருந்தவர் பேசும் முதல் வார்த்தைபோல ஓரம் கரகரத்தது.

“பிரமாதம்மா” என்றார் மகாபே படியிறங்கும்போது. “நீ பதில் குரல் கொடுத்தது நல்ல யோசனை.”

செனோ நின்றாள். “நான் ஒண்ணும் சொல்லலையேங்க.”

கேமராக்காரர் பதிவை ஓட்டிக் காண்பித்தார். மகாபேவின் ‘வந்துட்டேன்’ இருந்தது. அதற்குப் பிறகு பெண்குரல் இல்லை. இரண்டு ‘டிக்’ சத்தம், பிறகு ‘பக்’. வீட்டில் கேஸ் அடுப்பு பற்றுகிற சத்தம். அந்தக் கட்டிடத்தில் கேஸ் வெட்டிப் பல மாதம் ஆயிற்று என்று செனோ சொன்னாள். சொல்லிவிட்டு வேகமாகப் படியிறங்கினாள்.

மேலே அந்த வீட்டைவிட்டுக் கிளம்பும்போது மகாபே, தன் காலணிகள் நுனி உள்ளே பார்க்கத் திரும்பியிருந்ததைக் கேமராக்காரரின் வேலை என்று வைத்துக்கொண்டிருந்தார். இப்போது அப்படி வைத்துக்கொள்வது கொஞ்சம் சிரமமாக இருந்தது.

வீடு, அவருடைய மின்சாதனக் கடைக்குப் பின்கட்டு. கதவைத் திறந்து பழக்கத்தில் சொன்னார்.

“வந்துட்டேன்.”

“வந்துட்டீங்களா” என்று சமையலறையிலிருந்து பதில் வந்தது.

அப்பாடா என்று இருந்தது. கோட்டைக் கழற்றி மாட்டினார். அன்று நடந்ததைக் கொஞ்சம் கூட்டிக் குறைத்து எப்படிச் சொல்லலாம் என்று யோசித்தபடி சமையலறைக்குப் போனார்.

யாரும் இல்லை.

பின்னால் வாசல் கதவு திறந்தது. ஃபுசாயே, நனைந்த குடையும் வெங்காயத்தாள் எட்டிப்பார்க்கும் பையுமாக உள்ளே வந்தாள்.

“வந்துட்டேன். என்னங்க, பேயைப் பாத்தாப்ல நிக்கிறீங்க?”

அதன் பிறகு, தினமும் இருட்டுகிற நேரத்தில், அவர்கள் படுக்கையறைக் கூரையில் ஒரு வெளிச்சம் ஓடியது. ஒரு மூலையில் தோன்றி, மெல்ல வளைந்து, மறு மூலையில் மறையும். கார் விளக்கு. இதில் ஒரே ஒரு சங்கடம், அந்த அறையின் ஜன்னலுக்கு எதிரே இருந்தது சூதாட்டக் கூடத்தின் சுவர். இடையில் ஒரு பூனை போக இடம் உண்டு. கார் போக இல்லை.

காலையில் வாசல் பள்ளத்தில் அவர் காலணி உள்ளே பார்த்து இருக்கும். அதை அவர் பார்த்துப் பழகிவிட்டார். ஃபுசாயேவின் காலணியைக் கவனிக்க ஒரு வாரம் ஆயிற்று. அது வெளியே பார்த்து இருந்தது. வெறுமனே வெளியே பார்த்து அல்ல. நட்ட நடுவில், கால் நுழைக்க வாகாக, இரண்டுக்கும் இடையே அளவான இடைவெளி விட்டு, பக்கத்தில் காலணி மாட்ட உதவும் கரண்டியோடு. விருந்தாளி கிளம்பும்போது வீட்டுக்காரி எடுத்து வைப்பது போல.

பிறகு ஃபுசாயேவின் சோற்றுக் கிண்ணம் காணாமல் போனது. அவரவர்க்கு ஒரு கிண்ணம், அவரவர்க்கு ஒரு ஜோடிக் குச்சி. கல்யாணமானதிலிருந்து அலமாரியில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தவை. அவருடையது மட்டும் இருந்தது. அவளுடையது, பரணில், பழைய செய்தித்தாளில் சுற்றி, கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. அதன் இடத்தில் விளிம்பு சில்லு போன ஒரு வெள்ளைக் கிண்ணம். அடியில் கருகிய பால்.

ஒரு பிற்பகல் ஃபுசாயே அவரைச் சமையலறைக்குக் கூப்பிட்டாள்.

“ஏங்க. இதை யார் இப்படி வெச்சது?”

கதவுக்குப் பின்னால் துடைப்பம் தலைகீழாக நின்றது. முனையில் ஒரு துண்டு முக்காடு போட்டிருந்தது.

மகாபே தெரியாதவர் போல் மோவாயைத் தடவினார்.

“எங்க அம்மா வெப்பாங்க” என்றாள் ஃபுசாயே. “வந்த விருந்தாளி கிளம்புற வழியா தெரியலைன்னா, சத்தமில்லாம இப்படி நிறுத்தி வெப்பாங்க. கொஞ்ச நேரத்துல எந்திரிச்சுப் போயிடுவாங்களாம்.” துண்டை எடுத்து மடித்தாள். “இந்த வீட்ல யாருங்க விருந்தாளி?”

“ஏதோ எலி…”

“எலி துண்டு போடுமா?”

அவர் துடைப்பத்தை எடுத்து நேராக நிறுத்தினார்.

“அவ வந்திருக்கா” என்றாள் ஃபுசாயே, குரலைத் தாழ்த்தி. “நீங்க கூப்பிட்டவ.”

“நான் யாரையும்…”

“நீங்க அங்க பாய்லர் மாட்டத்தான் போனீங்கன்னு எனக்குத் தெரியாதா? அன்னிக்கு அங்கேருந்து நேரா எங்கப்பாவோட நோட்டு பென்சில் கடைக்கு வந்தீங்க. கையெல்லாம் கரி. வேண்டாத ரப்பரை ஒண்ணு வாங்கிட்டு, ‘இன்னிக்கு ஒரு பாடகி வீட்டுல டீ குடிச்சேன்’னு என்கிட்ட பீத்திக்கிட்டீங்க. ஒரு வருஷம் தினமும் வந்து ரப்பர் வாங்கின ஆளுங்க நீங்க. எங்கப்பா, ‘இந்தப் பையன் எழுதுறதைவிட அழிக்கிறதுதான் ஜாஸ்தி போல’ன்னு சிரிப்பாரு.”

அந்த ரப்பர்கள் இன்னும் அலமாரி இழுப்பறையில் கிடந்தன. மகாபேவின் பார்வை அந்தப் பக்கம் போய், கூசித் திரும்பியது.

“எனக்குத் தெரியும், நான் பொறுத்துக்கிட்டேன். அவளுக்குத் தெரியாதே. அவ உங்களை நம்பிட்டா.” ஃபுசாயே அவர் முகத்தைப் பார்க்கவில்லை. “சொல்லிடுங்க. அவ நினைவு விழாவுக்கு ஊர் கூடுற அன்னிக்கு, மைக்ல. நான் அந்த ஆள் இல்லன்னு சொல்லுங்க. இவளை நான்தான் அலைஞ்சு கட்டிக்கிட்டேன்னு சொல்லுங்க. அவ காதுலயும் விழட்டும். இல்லைன்னா துடைப்பம் சொல்றபடி நான் கிளம்பிடுறேன்.”

ஊர் கூடும் நாள் அந்த ஞாயிற்றுக்கிழமையே வந்தது.

கடைத்தெருவில் கொடி கட்டியிருந்தார்கள். ரொட்டிக்கடையில் ‘சாயோ பால்குழம்பு பன்’ விற்றது. சாயோவின் முகம் வார்த்த சாக்கடை மூடி ஒன்றை நகராட்சி அதிகாரி திரை விலக்கித் திறந்துவைத்தார். மழையில் பெண் வாடியதற்கு, மழைநீர் வடிகிற இடத்திலேயே நினைவுச்சின்னம். வெள்ளைக்காரப் பிள்ளைகள் அதன்மேல் பூ வைத்தார்கள். பிறகு சங்கத் தலைவரைப் பேச அழைத்தார்கள்.

கூட்டத்தின் ஓரத்தில் ஃபுசாயே குடையுடன் நின்றிருந்தாள்.

மகாபே மைக்கைப் பிடித்தார். வியர்த்தது.

“நான் அந்த ஆள் இல்லீங்க” என்றார்.

முன்வரிசையில் கைப்பேசிகள் உயர்ந்தன.

“நான் அங்க போனது ஒரு தடவை. பாய்லர் மாட்ட. டீ குடிச்சேன். அவ்வளவுதான்.”

யாரோ விசும்பினார்கள். செனோ இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“பாத்தீங்களா!” என்று கத்தினார் ஓனுகி. போட்டியில் தோற்றவர் ஜெயித்தவனை மெச்சும் பெருந்தன்மை அவர் குரலில் இருந்தது. “இப்பவும் மறுக்கிறாரு! இவருதான்யா அந்த ஆளு!”

கைதட்டல் இடிபோல் எழுந்தது. மொழிபெயர்த்துச் சொல்லக் கேட்ட பிள்ளைகள் அழுதபடியே தட்டினார்கள். ‘இல்லீங்க, நிஜமாவே’ என்று மகாபே வாயெடுத்தார். தட்டல் இன்னும் பெருத்தது. அடுத்த வாக்கியம் ஃபுசாயேவைப் பற்றியது. அது தொண்டை வரை வந்து நின்றது.

ஏனென்றால், கைதட்டல் நன்றாக இருந்தது.

அவர் தலை தானாகக் குனிந்தது. ஒரு தடவை, பிறகு இன்னொரு தடவை, இன்னும் ஆழமாக. அத்தனை பேர் தட்டும்போது வேறென்ன செய்வது என்று முதுகெலும்பு தானே முடிவெடுத்துவிட்டது. நிமிர்ந்தபோது கூட்டத்தின் ஓரத்தில் குடை இல்லை.

முகம் காதுவரை எரிந்தது. மேடையிலிருந்து இறங்கி வீட்டை நோக்கி நடந்தார். வழியெல்லாம் அவரைத் தொட்டுக் கும்பிட்டார்கள். ஒவ்வொரு கையும் பட்ட இடத்தில் தோல் கூசியது.

வாசல் பள்ளத்தில் ஃபுசாயேவின் காலணி இல்லை. கைப்பேசி அடித்தது.

“ரயில் நிலையத்துல இருக்கேன். ஒதாவராவுக்கு, அக்கா வீட்டுக்குப் போறேன்” என்றாள் ஃபுசாயே. ரயில் இரைச்சல். “பழக்கதோஷத்துல, கிளம்பும்போது ‘போயிட்டு வர்றேன்’னு சொல்லிட்டேங்க.”

“ம்.”

“பதில் வந்துச்சு.”

“‘போயிட்டு வாங்க’ன்னா?”

“இல்ல. ‘எங்க வீட்டுக்கு வந்ததுக்கு ரொம்ப நன்றிங்க’ன்னு.”

இணைப்பு அறுந்தது.

சமையலறையில் விளக்கு எரிந்தது. மேஜையில் இரண்டு கிண்ணம். பால்குழம்பிலிருந்து ஆவி எழுந்தது. உருளைக்கிழங்கு, காரட், பாலாடை. அவர் நாற்காலி அவருக்காகக் கொஞ்சம் வெளியே இழுத்து வைக்கப்பட்டிருந்தது.

அடுப்பின் முன்னால் ஒருத்தி நின்றாள்.

முதுகு மட்டும் தெரிந்தது. இடுப்புவரை ஈர முடி. அதன் நுனியிலிருந்து தண்ணீர் சொட்டியது. தரையில் விழும் சத்தம் இல்லை. கரண்டி பாத்திரத்தின் அடியைச் சுரண்டிக்கொண்டிருந்தது. மெல்ல. அடிப்பிடிக்காமல் பார்த்துக்கொள்கிற சுரண்டல்.

திரும்பாமல் கேட்டாள்.

“பசிக்குதா?”

மகாபேவுக்குப் பயமாக இருந்தது. அதைவிடக் கனமாக வேறொன்று நெஞ்சில் இருந்தது. ஊரே நம்ப மறுத்த உண்மையைக் கேட்க வேண்டியவள், கேட்டால் நம்பக்கூடியவள், இவள் ஒருத்திதான். ‘மன்னிச்சிடுங்கம்மா, நீங்க காத்திருந்த ஆள் நான் இல்ல, நான் பாய்லர்காரன்’ என்று சொன்னால் போதும். ஆனால் சொன்னால் அவள் திரும்புவாள். நாற்பது வருஷம் காத்திருந்துவிட்டு, ஒரு பாய்லர்காரனின் முகத்தைப் பார்ப்பாள். அந்தப் பார்வையைத் தாங்கும் யோக்கியதை தனக்கு இல்லை என்று மகாபேவுக்குத் தெரிந்தது. வாழ்க்கையில் முதல்முறையாகத் தன்னைப் பற்றி அவர் போட்ட சரியான கணக்கு அது. அதைக் கோழைத்தனத்துக்குச் செலவழித்தார்.

ஓசைப்படாமல் பின்னால் நகர்ந்தார். காலணிகளைக் கையில் எடுத்துக்கொண்டார். காலுறையோடு ஈரத் தெருவில் இறங்கி, கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார்.

‘போயிட்டு வர்றேன்’ என்று சொல்லவில்லை.

ரயில் கடற்கரை ஊர்களைத் தாண்டிப் போனது. கண்ணாடியில் தெரிந்த தன் முகத்தைப் பார்க்காமல் இருக்க, அவர் வழி முழுக்கத் தன் முழங்காலையே பார்த்துக்கொண்டு வந்தார்.

ஃபுசாயேவின் அக்கா வீடு ஏழாவது மாடியில். அக்கா கடைக்குப் போயிருந்தாள். ஃபுசாயே கதவைத் திறந்து, அவரையும் சேறான காலுறையையும் மேலும் கீழும் பார்த்து வழிவிட்டாள். அவர் காலணியைக் கழற்றி, நுனி வாசலைப் பார்க்க வைத்து, உள்ளே போய்ப் பாயில் நெற்றி படக் குனிந்தார். மேடையில் குனிந்ததுபோல அல்ல. இது வலித்தது.

“உன்னை நான்தான் அலைஞ்சு கட்டிக்கிட்டேன்” என்றார் பாயைப் பார்த்து. “அந்த ரப்பரெல்லாம் இன்னும் இருக்கு.”

“இதை மைக்ல சொல்லியிருக்கணும்.”

“ஆமா.”

“எந்திரிங்க. அக்கா வந்தா மாரடைப்புன்னு நெனச்சுக்குவா.” டீ ஊற்றி அவர் பக்கம் நகர்த்தினாள். கோபம் போகவில்லை. ஆனால் கிண்ணத்தின் சூட்டைத் தொட்டுப் பார்த்த பிறகுதான் நகர்த்தினாள். மகாபேவுக்குக் கண் கலங்கியது.

“அவகிட்ட சொன்னீங்களா?” என்று கேட்டாள் ஃபுசாயே. “கிளம்பும்போது?”

அவர் டீயைப் பார்த்தார்.

“என்ன சொல்லிட்டுக் கிளம்பினீங்க?”

மழை ஜன்னலில் வழிந்தது.

“ஒண்ணுமே சொல்லலையா?” என்றாள். அவள் குரல் இறங்கியது. “அந்த ஆள் பண்ண அதையே பண்ணிட்டு வந்திருக்கீங்களா?”

கைப்பேசி அடித்தது. ஓனுகி.

“தலைவரே, மன்னிச்சிடுங்க. மேடையில நான் கத்தினது தப்பு. நேர்ல சொல்லலாம்னு உங்க வீட்டுக்கு வந்தேன். வாசல்ல உங்க காலணி இருந்துச்சு, நுனி உள்ள பாத்தாப்ல. சந்துப் பக்கம் ஜன்னலைக்கூடத் தட்டினேன். நீங்க திரும்பவே இல்ல.”

“நான்…”

“சரி சரி, சாப்பிட்டுக்கிட்டு இருந்தீங்க. ரெண்டு பேரும் எதிரும் புதிருமா. நீங்க குனிஞ்ச தலை நிமிரலை. இந்த வயசுல இப்படி ஒரு ஒட்டுதலான்னு நான் நகர்ந்துட்டேன்.” ஓனுகி தயங்கினார். தொழில்காரரின் தயக்கம். “ஆனா ஒண்ணு கேக்கணும் தலைவரே. முடி விஷயத்துல என் கண்ணு தப்பாது. உங்க வீட்டம்மாவுக்குக் கழுத்தளவுதானே? எப்ப அவ்வளவு நீளம் வளத்தாங்க?”

மகாபேவின் கை காதிலிருந்து தானாக இறங்கியது.

ஏழாவது மாடிக் கூரையில், ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு, கார் வெளிச்சம் ஒன்று மெல்ல ஓடி மறைந்தது. எங்கோ பால் அடிப்பிடித்தது.

“யாருங்க?” என்றாள் ஃபுசாயே.

அவர் வாசலைப் பார்த்தார். பள்ளத்தில் ஃபுசாயேவின் காலணி இருந்தது. பக்கத்தில், அவர் கழற்றி வைத்த இடத்தில் ஒன்றும் இல்லை. காலணி அளவில் இரண்டு ஈரத்தடம் மட்டும், நுனி உள்ளே பார்த்து.